வழக்கில் மீதி இருப்பவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள மைனாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் நீ பதறிப்போவாய். உடம்பு நலம், மற்றதெல்லாம் நடக்கிறபடி நடக்கிறது என்று வைத்துக்கொள். உன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது? ரத்தம் சுத்தம் செய்கிற மிஷின் மகள் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கிடைத்துவிட்டதா, இல்லை இன்னும் அவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றிக்கொண்டு அலைகிறாயா? மருமகன் முகம் சுளிக்காமல் இருக்கிறாரா? எதையும் மறைக்காமல் எழுது.

எழுது என்று சொல்கிறேன், நீ எங்கே எழுதுகிறாய்? போன இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆலையில் உனக்கு மைனா என்று பெயர் வைத்ததே வாய் மூடாததற்காகத்தான். அந்த வாய்க்கு என்ன ஆயிற்றடி? போனில் பிடிக்கலாம் என்றால் எனக்கு அது வெறும் கொசு ரீங்காரம். மகன் கூப்பிட்டால்கூட “நான் நல்லா இருக்கேன்பா, நீ நேரத்துக்குச் சாப்பிடு” என்று என் பாட்டைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, பாவம்.

இனி வழக்கு விஷயம். ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்று நம் எல்லோருக்கும் சேர்த்து ஆலை மேல் வழக்குப் போட்டாரே பெரிய வக்கீல், அவர் கைகழுவிவிட்டார். கம்பெனி ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் கூட்டம் கரைந்துபோயிற்று. “ஒரு ஆளுக்காக கேஸ் நடத்தினா கட்டுப்படி ஆகாதும்மா” என்று சொல்லி, என் காகிதக் கட்டை என்னிடமே கொடுத்துவிட்டார் அவருடைய குமாஸ்தா. அந்த ஒரு ஆள் நான்தான். நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றார். நான் நம்பவில்லை. போட்டிருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாயா?

அப்புறம் அரசாங்கத்தின் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் குனிந்துகொண்டே பேசினாள். அவள் தலை வகிடுதான் எனக்கு பதில் சொல்லிற்று. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஒரு அச்சடித்த தாளை வெளியே தள்ளினாள். வீட்டுச் சண்டை, வீட்டைக் காலி செய்யச் சொல்வது, போலீஸ் பிடித்த வழக்கு, இதற்கெல்லாம் வக்கீல் தருவார்களாம். வேலை பார்த்துக் காது போனதற்குத் தருவதில்லையாம். ஆலையிலிருந்து நாலு பாட்டிலைத் திருடியிருந்தால் எனக்கு இலவசமாக ஒரு வக்கீல் கிடைத்திருப்பார். புத்தி இல்லாமல் ஒழுங்காக வேலை பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

நூலகத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு வக்கீல் சும்மாவே ஆலோசனை சொல்கிறார் என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருக்கிற அறை, ஒரு மேஜை, ஒரு மண்ணெண்ணெய் நீலச் சட்டை, ஒரு மீசை. மீசை என்றால் மீசை, மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் மூடிக்கொண்டு தாழ்வாரம் போல் இறங்குகிறது. மனுஷன் பேசுகிறாரா மெல்லுகிறாரா என்றே தெரியவில்லை. “ஐயா, மீசையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க, எனக்கு உதடு தெரியணும்” என்று சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அவர் கோபிக்கவில்லை. இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே கடைசி வரை பேசினார்.

அவரிடம் ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டில் ஆலை, ஓடுகிற பட்டை, விளக்குப் பலகைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் நீயும் நானும், விரிசல் விழுந்த பாட்டில் வந்தால் தட்டிவிடுகிற வேலை, கண்ணாடியோடு கண்ணாடி மோதுகிற அந்த நாராசச் சத்தம். காதுக்கு மாட்ட எதுவும் தரவில்லையா என்று கேட்டார். தரவில்லை என்றேன். பிறகு எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்றார். உதட்டைப் பார்த்துத்தான், வீட்டுக் கதை, ஊர்க் கதை, மேஸ்திரியைத் திட்டுவது எல்லாம் சத்தமே இல்லாமல் உதட்டிலேயே நடக்கும் என்றேன். அதைச் சொல்லும்போது நீ இருக்கிறாயா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன். அசட்டுத்தனம்.

நம் தொழிற்சங்கத்தில் சட்ட நிதி என்று ஒன்று இருக்கிறதாம், மைனா, அவர் சொல்லித்தான் தெரியும். சந்தாவோடு சேர்த்துப் பிடித்தார்களே, அதில்தான். கமிட்டி வழக்கைப் பார்த்து, ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் வக்கீல் செலவை அது ஏற்குமாம். இத்தனை வருஷத்தில் எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? மனு கொடுத்துவிட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது சாட்சி சொன்னால் பலம் என்கிறார்கள். மற்றவர்கள் எந்தெந்த மூலையில் இருக்கிறார்களோ தெரியாது. உன் முகவரி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

ஒரு நாள் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போ. பஸ் நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன். உன் வீட்டுக்காரருக்கு உடம்பு தேறட்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


வியாழக்கிழமை காலை

என் அருமை மைனாவுக்கு,

முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் முழுக்க மனசுக்குள் உன்னைத் திட்டாத திட்டு இல்லை. காசைப் பார்த்ததும் அக்காவை மறந்துவிட்டாள், மகள் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள், என் கடிதத்தைப் பிரிக்காமலேயே குப்பையில் போடுகிறாள் என்றெல்லாம் நினைத்தேன். இப்போதுதான் விஷயம் தெரிந்தது.

சங்கம் என் மனுவை ஏற்று ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தது. சின்ன வயசு, நேராக முகம் பார்த்துப் பேசுவாள், லிப்ஸ்டிக் வேறு போடுவதால் எனக்கு வசதி. போன வாரம் கம்பெனி உனக்குக் கொடுத்த அதே காகிதத்தை எனக்கும் அனுப்பியிருந்தது. வக்கீலம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டவர்கள், வழக்கில் மீதி இருப்பவர்களோடு பேச்சோ எழுத்தோ எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வைத்தால் வாங்கிய பணம் மொத்தத்தையும் திருப்பித் தர வேண்டுமாம். இப்போது மீதி இருக்கிறவள் நான் ஒருத்திதானே? “அப்போ நான் கையெழுத்துப் போட்டா, நானே என்கிட்டப் பேசக்கூடாதா?” என்று கேட்டேன். வக்கீலம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உனக்குப் பேச மனசில்லாமல் இல்லை, உன் வாயைக் கட்டிவிட்டார்கள் என்பது தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? கூடவே கம்பெனிக்காரர்களை வாய்விட்டுத் திட்டித் தீர்த்தேன். நீ கையெழுத்துப் போட்டதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. வீட்டுக்காரர் உயிர் அந்த மிஷினில் ஓடும்போது, உன் இடத்தில் நானாக இருந்தால் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதை நீ மனசில் போட்டுக் குமையக் கூடாது.

நானும் போட்டுவிடலாமா என்று அன்று சாயங்காலம் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பணத்துக்காக அல்ல. நான் போட்டுவிட்டால் வழக்கே இருக்காது, வழக்கில் மீதி என்று ஒருத்தியும் இருக்கமாட்டாள், நீ எனக்கு எழுதலாம். அதற்காகத்தான். ஆனால் அந்தக் காகிதத்தின் முதல் வரியே, ஆலை வேலையால் என் காதுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன் என்பது. மாடி வீட்டுப் பெண் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டாளாம், நான் திரும்பவில்லையாம். பால் பொங்குவது கேட்காததால் அடுப்பு முன்னாலேயே நிற்கிறேன். யாராவது வந்து தட்டிவிட்டுப் போய்விடுவார்களோ என்று கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன், யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். இத்தனைக்கும் பிறகு பாதிப்பு இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க எனக்கு வரவில்லையடி. மூடியை மாட்டிவிட்டேன்.

இன்னொரு கூத்தையும் கேள். கம்பெனி டாக்டர் என் காதைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார். வக்கீலம்மா கூட வரவில்லை. நல்ல வெளிச்சமான அறை, மழுமழுவென்று சவரம் செய்த முகம், என் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை, இரவில் தூக்கம் வருகிறதா என்று. நம் மேஸ்திரி கடைசிக் கோடியிலிருந்து முணுமுணுப்பதையே படித்தவள் நான், இவர் எம்மாத்திரம்? ஒன்று விடாமல் பதில் சொன்னேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். அவர் எழுதி அனுப்பியிருக்கிறார்: சாதாரணப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்கிற மிஷின் சோதனையில் வேண்டுமென்றே அமுக்காமல் இருக்கிறார்.

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “காது கேட்கலைன்னு கேஸ் போட்டுட்டு, எல்லாத்துக்கும் டாண் டாண்னு பதில் சொல்லிட்டு வந்திருக்கீங்களேம்மா!” என்றாள். “பெரிய மனுஷன் கேக்கிறப்போ பதில் சொல்லாம உக்காந்திருந்தா மரியாதையா?” என்று நானும் விட்டேன். விட்டு என்ன பிரயோஜனம். நாம் உதடு பார்த்துப் பேசிப் பழகியவர்கள் என்று சொல்ல ஒரு சாட்சி இருந்தால்தான் இனி வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் கமிட்டி நிதியை நிறுத்திவிடும் என்கிறாள். கோர்ட்டிலிருந்து உனக்கு சம்மன் அனுப்ப வேண்டும், முகவரி கொடுங்கள் என்கிறாள். கோர்ட் கூப்பிட்டு நீ பேசினால் அந்தக் காகிதம் உன்னை ஒன்றும் செய்யாதாம்.

நான் உடனே கொடுக்கவில்லை. சனிக்கிழமை நூலகத்து வக்கீலிடம் போய்க் கேட்டேன். மைனா, மனுஷன் மீசையைக் கத்தரித்திருக்கிறார்! உதடு பளிச்சென்று தெரிகிறது. எனக்காகத்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொன்னது: “சட்டப்படி உங்க சிநேகிதி மேல தப்பில்லை. ஆனா கம்பெனி சும்மா பயமுறுத்தறதுக்குன்னே ஒரு கேஸ் போடும். தப்பில்லைன்னு போய்ச் சொல்றதுக்கும் அவங்களுக்கு ஒரு வக்கீல் வேணுமே. அந்தச் செலவை யார் தருவா?”

எனக்குச் சுருக்கென்றது. என் வக்கீலுக்குப் படி அளக்க நிதி இருக்கிறது. உன் வக்கீலுக்கு? அதைக் கமிட்டியிடமே கேட்கப் போகிறேன். உனக்கும் நிற்கிறோம் என்று அவர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால்தான் உன் முகவரி என் வாயிலிருந்து வரும்.

சாட்சியில் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் எழுதக் கூடாதாம். எழுதவில்லை. இந்தக் கடிதத்தை நீ படித்தால் குற்றமில்லை, பதில் போட்டால்தான் சங்கடம் என்றார் நூலகத்து வக்கீல். அதனால் பதில் போடாதே. போடாதே என்று நானே எழுத வேண்டியிருக்கிறது பார்.

நிம்மதியாக இரு. வீட்டுக்காரரை நான் விசாரித்ததாகச் சொல். சொல்லக்கூட வேண்டாம், மனசுக்குள் வைத்துக்கொள்.

உன் மேல் கோபம் துளியும் இல்லாத,
அக்கா


சனிக்கிழமை

மைனாவுக்கு அக்காவின் ஆசி.

கமிட்டிக்குப் போய் வந்தேன். சங்க அலுவலகத்து நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு உதட்டைப் பிடிப்பதற்குள் இன்னொரு உதடு அசைகிறது. டீ குடித்துக்கொண்டே பேசுகிறவர்கள், தாடையில் கை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள், ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறவர்கள். காது கேளாதவளின் வழக்கைப் பேசுகிற கூட்டத்தில் அந்தக் காது கேளாதவளுக்கு மட்டும்தான் ஒன்றும் புரியவில்லை. நான் மேஜையில் ஓங்கித் தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். “ஒவ்வொருத்தரா, என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. சந்தா கட்டினவ நான்” என்றேன்.

செயலாளர் நல்ல மனுஷன்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். ஆலை மூடினதோடு நீ சங்கத்தை விட்டுவிட்டாயாம், உறுப்பினர் அல்லாதவருக்கு நிதியிலிருந்து செலவு செய்ய விதியில் இடமில்லையாம். “விதியை மாத்துங்க” என்றேன். மாற்ற வேண்டுமானால் மாநாடு கூட வேண்டுமாம். “அவங்க சாட்சி சொல்லட்டும்க்கா, பிரச்சினை வந்தா அப்போ பாத்துக்கலாம்” என்றார். அப்போ பார்த்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காதுக்கு மாட்டுகிற கருவி கேட்டபோது மேஸ்திரி சொன்னதும் அதேதான்.

முகவரியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களே உங்கள் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றாள். இருக்கலாம். நான் ஜெயித்து, நீ எங்கோ ஒரு ஊரில் கோர்ட் வாசலில் வக்கீல் இல்லாமல் நின்றால், அந்த ஜெயத்தை வைத்து நான் என்ன செய்வது? ஜெயிக்கிற வாய்ப்பு பாதிக்குக் கீழே போய்விட்டது என்று கமிட்டி நிதியை நிறுத்திவிட்டது. வக்கீலம்மாவும் போயாயிற்று.

வழக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. என் வழக்கை நானே சொல்லலாமாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாமாம். நூலகத்து வக்கீல் கோர்ட்டுக்கு வர முடியாது, மேஜையைத் தாண்டி உதவ, சும்மா ஆலோசனை சொல்கிறவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் சொல்லித் தருகிறார். எப்போது எழ வேண்டும், எந்தக் காகிதத்தை எப்போது நீட்ட வேண்டும் என்று. அவருக்குப் பொறுமை பெரிசு. நான் அவரிடமே எரிந்து விழுகிறேன், அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைக்கிறார்.

நேற்று சும்மா போய் அந்தக் கோர்ட் அறையைப் பார்த்தேன். பின் வரிசையில் உட்கார்ந்து யாருடைய வழக்கோ நடப்பதைப் பார்த்தேன். நீதிபதிக்குப் பின்னால் பெரிய ஜன்னல். வெளிச்சம் முழுக்க அவர் முதுகில் விழுகிறது, முகம் ஒரே இருட்டு. அவர் என்ன கேட்கிறார் என்றே தெரியாமல் நான் எதைச் சொல்வது? ஜன்னலுக்குத் திரை போட வேண்டும் என்று மனு எழுதி கோர்ட் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். காதுக்கும் திரைக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டார். இந்த வேலையில் இத்தனை நாள் இருக்கிறீர்கள், இதுகூடவா தெரியவில்லை என்று கேட்க நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டு ரசீது வாங்கிக்கொண்டேன்.

வருகிற புதன்கிழமை விசாரணை. பயமாக இருக்கிறது, மைனா. ஆட்கள் நிறைந்த அறையில் எல்லோருடைய வாயும் அசைய, நான் மட்டும் கிணற்றுக்குள் நிற்பது போல் நிற்கப்போகிறேன். பக்கத்தில் ஒருத்தி இருந்தால் முழங்கையால் இடித்தாவது சொல்வாள். இந்த வீட்டில் நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்பதில்லை. கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்று சொல்லக்கூட யாரும் இல்லை. தனியாக இருப்பது பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் வீட்டு வாசலில் எந்தக் கோர்ட் ஆளும் வந்து நிற்கமாட்டான். யாராவது மணி அடித்தால் பதறாதே. தைரியமாகக் கதவைத் திற. உன் பெயர் என் காகிதங்களில் எங்கேயும் இல்லை. வீட்டுக்காரரை நன்றாகப் பார்த்துக்கொள், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரட்டும். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அது வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் நான் வழக்கில் மீதி இருப்பவள் இல்லை. அந்தக் காகிதத்துக்கு என்னைத் தெரியாது. நூலகத்து வக்கீலிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சந்தேகமாக இருந்தால் உன் ஊரிலும் யாராவது சும்மா ஆலோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள், போய்க் கேள். தீர்ப்பு வந்த அன்றே உனக்கு ஒரு வரி போடுகிறேன்.

அதைப் பார்த்ததும் எழுது. என்ன எழுதுவது என்று தோன்றாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் உறையை அனுப்பு. மேலே என் முகவரி உன் கையால் எழுதியிருந்தால் போதும்.

அக்கா